யன்னல் வைத்த பையும் எங்கள் ஊர் உப்புக்காற்றும்

போன கார்த்திகையில், மழை விட்ட ஒரு பின்னேரம், அலுமாரியின் மேல்தட்டில் இருந்து என் பையை இறக்கி வெளிச்சத்துக்குத் திருப்பினால் அதன் யன்னலில் தமிழ் எழுத்துகள். மங்கலாக, கறுப்பாக, இரண்டு வரி. உள்ளே ஏதோ கடதாசி ஒட்டியிருக்கிறது என்று நினைத்து விரலை விட்டுத் தடவினேன். கடதாசி இல்லை. எழுத்து பிளாஸ்ரிக்கிலேயே இருந்தது. போனில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தபோதுதான் "இறுதிக்கிரியைகள்" என்ற சொல்லை வாசிக்க முடிந்தது. பை மடங்காமல் நிற்கட்டும் என்று நான் சுருட்டி அடைத்த பேப்பரின் மரண அறிவித்தல் பக்கம்.

அந்த எழுத்து இன்னும் போகவில்லை. இனிப் போகாது என்றும் எனக்குத் தெரியும். இந்தப் பைகளை வைத்திருக்கும் பிள்ளைகள் யாழ்ப்பாணத்திலும் இப்போது கொஞ்சப்பேர் இருக்கிறார்கள், அவர்களில் ஒருத்தியாவது என்னைப்போல் செய்யாமல் இருக்கட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன், இதற்குப் பெயர் இட்டா பாக். ஜப்பானில் தொடங்கிய பழக்கம். 'இத்தாய்' என்றால் அந்த மொழியில் வலிக்கிறது என்று பொருள். கார் முழுக்கக் கார்ட்டூன் பாத்திரங்களை ஒட்டி ஓட்டித் திரிந்தவர்களின் காரை, பார்க்கிற கண்ணே வலிக்கும் அளவுக்கு அலங்காரம் என்று 'இத்தாஷா' என்றார்கள், அதே பேச்சு பைக்கும் வந்து ஒட்டிக்கொண்டது. பையின் முகப்பில் தெளிந்த பிளாஸ்ரிக்கில் ஒரு யன்னல், அதற்குப் பின்னால் துணி போர்த்திய ஒரு தட்டு, தட்டு நிறையப் பின்களும் வட்டப் பட்ஜ்களும். என்னுடைய பை கருநீலம், யன்னல் இதய வடிவம். ரொறன்ரோ மச்சாள் நல்லூர்த் திருவிழாவுக்கு வந்தபோது கொண்டுவந்து தந்தது. அதில் 31 பின்கள் இருக்கின்றன. முப்பது நானும் மச்சாளும் சேர்த்தவை. நடுவில் இருப்பது அம்மாவின் பட்ஜ், அவர் பள்ளிக்கூடத்தில் மாணவத் தலைவியாக இருந்தபோது சட்டையில் குத்தியது. எனக்குப் பிடித்த பாத்திரங்களுக்கு நடுவில் என் அம்மாவும் இருக்கட்டும் என்று கேட்டு வாங்கிக் குத்தினேன்.

சரி, எழுத்து எப்படி யன்னலில் ஏறியது? இந்த யன்னல்கள் பெரும்பாலும் பிவிசி. வீட்டில் தண்ணீர்க் குழாய் போடுகிறோமே, அதே பிளாஸ்ரிக்தான், ஆனால் குழாய் விறைப்பாக இருக்கிறது, இது துணிபோல வளைகிறது. வளையவைப்பதற்காக அதற்குள் ஒருவகை எண்ணெய்த் தன்மையான திரவத்தைக் கலக்கிறார்கள். எடையில் மூன்றில் ஒரு பங்குக்குக்கூட அது இருக்கும். அந்தத் திரவம் பிளாஸ்ரிக்கோடு இறுகக் கட்டுப்பட்டு இருப்பதில்லை, மெல்ல மெல்ல மேலே கசிந்து வந்துகொண்டே இருக்கும். பழைய பிளாஸ்ரிக் மேசைவிரிப்பைத் தொட்டால் கை ஒட்டுவது அதனால்தான். அப்படிக் கசிகிற மேற்பரப்பில் அச்சுமை பட்டால், மை இளகி பிளாஸ்ரிக்குக்குள் இறங்கிவிடும். மேலே படிந்த அழுக்கு என்றால் துடைக்கலாம், உள்ளே இறங்கிய மையை என்ன செய்வது? நான் பின்கள் குத்திய தட்டை வெளியே எடுத்துவிட்டு யன்னலுக்குப் பின்னால் இருந்த இடைவெளி முழுக்கப் பேப்பரை இறுக்கி அடைத்து, இரண்டு மாதம் அலுமாரியில் வைத்திருக்கிறேன். மைக்கு வேண்டிய நேரம் எல்லாம் கிடைத்திருக்கிறது.

அத்தோடு நிற்கவில்லை. எழுத்தைக் கண்ட பதற்றத்தில் நகப்பூச்சு அழிக்கும் திரவத்தைப் பஞ்சில் நனைத்து ஒரு மூலையில் தேய்த்தேன். எழுத்து மங்கியது, அதோடு யன்னலும் மங்கியது. பால் தெளித்த மாதிரி ஒரு வெள்ளைப் புகார், பெருவிரல் அளவுக்கு, இதயத்தின் கீழ்க்கூரில் அப்படியே இருக்கிறது. அசிட்டோன் பிவிசியின் மேற்பரப்பையே குழைத்துவிடும். கை சுத்தம் செய்கிற மதுசாரத் திரவமும் நல்லதில்லை, நான் சொன்ன அந்த இளக்கும் திரவத்தை அது இழுத்து எடுத்துவிடும், நாளடைவில் யன்னல் விறைத்து வெடிக்கும். பற்பசை போட்டுத் தேய்த்தால் கீறல் போகும் என்று சொல்லுகிறவர்களும் இருக்கிறார்கள். பற்பசைக்குள் இருப்பது நுண்ணிய தூள், மென்மையான பிளாஸ்ரிக்கில் அது நூறு புதுக் கீறல் போடும். தயவுசெய்து வேண்டாம்.

ஆனால் யன்னலைவிட என்னை உலுக்கியது அம்மாவின் பட்ஜ். அதே நாள்தான் கண்டேன்.

அந்தப் பட்ஜ் முப்பது வருடத்துக்கு மேலாக அம்மாவின் பழைய பவுடர்ப் பேணிக்குள், ஒரு பருத்தித் துணித்துண்டில் சுற்றிக் கிடந்தது. நாங்கள் வீடு மாறியபோதெல்லாம் அந்தப் பேணியும் கூடவே வந்தது. நான் வாங்கிக் குத்திய நாளில் எழுத்துகளின் விளிம்பில் இருந்த மினுக்கம்கூடக் குறையவில்லை. என் பைக்குள் ஒரேயொரு மாரி இருந்தது. கழற்றித் திருப்பினால், ஊசி போய் மாட்டும் கொளுக்கியைச் சுற்றிப் பச்சைக் களிம்பு. தட்டின் துணியிலும் பச்சையாக ஒரு புள்ளி. பக்கத்தில் இருந்த வட்டப் பட்ஜ்களின் பின்பக்க விளிம்பில் கறள், சில இடங்களில் மஞ்சள் பொட்டாக, சில இடங்களில் தொட்டால் விரலில் ஒட்டும் தூளாக.

அம்மம்மா விறாந்தையில் இருந்து பார்த்துக்கொண்டே இருந்தா.

"எடி பிள்ளை, கொஞ்சம் பழப்புளி கொண்டுவா. நான் தேய்ச்சுத் தாறன். குத்துவிளக்கு மாதிரிப் பளபளக்கும்."

அம்மம்மாவின் கை எனக்குத் தெரியும். விசேஷ நாளுக்கு முதல்நாள் குத்துவிளக்கைக் கிணற்றடியில் கழற்றி வைத்து, பழப்புளியும் சாம்பலும் பொச்சுத் தும்பில் தொட்டுத் தேய்த்து அவ கழுவி எடுத்தால் வெய்யிலில் கண் கூசும். அதனால் "வேண்டாம்" என்று உடனே சொல்ல எனக்கு மனம் வரவில்லை. குத்துவிளக்கு உள்ளேயும் வெளியேயும் பித்தளை, புளி அதன் மேல்தோலைக் கொஞ்சம் கரைத்தாலும் கீழே இருப்பதும் பித்தளைதான். இந்தப் பின்களில் அநேகமானவை நாக (துத்தநாக) உலோகக் கலவையிலோ இரும்பிலோ செய்து மேலே மெல்லிசாகப் பூச்சு ஏற்றியவை. அந்தப் பூச்சு வெங்காயத் தோலைவிட எவ்வளவோ மெல்லியது. புளி பட்டால் அழுக்கோடு அதுவும் போய்விடும். வட்டப் பட்ஜ் இன்னும் மோசம், அது தகரம், தகரத்துக்கு மேல் அச்சிட்ட கடதாசி, கடதாசிக்கு மேல் மெல்லிய பிளாஸ்ரிக் தோல், மூன்றையும் சேர்த்து அழுத்தி மடித்திருப்பார்கள். விளிம்பால் ஒரு துளி தண்ணீர் இறங்கினாலே படம் ஊதிவிடும்.

"அப்ப உது உள்ளுக்கு வேற, வெளியில வேறயோ?" என்று கேட்டுவிட்டு, பட்ஜை வாங்கிக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்தா. பிறகு, "சரி, அப்ப அழிறப்பரால தேய்ச்சுப் பார், பள்ளிக்கூடத்தில நாங்கள் அப்பிடித்தான் செய்யிறனாங்கள்" என்றா.

அதுதான் வேலை செய்தது. பென்சில் எழுத்து அழிக்கும் வெள்ளை அழிறப்பரை பிளேட்டால் கூராக வெட்டி, களிம்பு இருந்த இடத்தில் மட்டும், ஒரே பக்கமாக, மெல்ல மெல்ல. பதினைந்து நிமிடம் போயிருக்கும். பச்சை எல்லாம் அழிறப்பர்த் துகளோடு உருண்டு வந்துவிட்டது. முகப்புப் பக்கத்தை நான் தொடவில்லை, மூக்குக்கண்ணாடி துடைக்கும் துணியால் ஒருமுறை ஒற்றி எடுத்ததோடு சரி. வட்டப் பட்ஜ்களின் கறளையும் அழிறப்பரால் வந்த அளவுக்கு எடுத்துவிட்டு, பின்பக்கத் தகரத்தில் மட்டும் நிறமில்லா நகப்பூச்சு மெல்லிசாக ஒரு பூச்சு பூசினேன். காற்றும் ஈரமும் தகரத்தைத் தொடாமல் அது ஒரு தோல்போல நிற்கிறது. நன்றாகக் காய்ந்த பிறகுதான் தட்டில் திரும்பக் குத்த வேணும், ஒருநாள் முழுக்கக் காயவிட்டேன்.

முப்பது வருடம் பேணிக்குள் ஒன்றும் ஆகாத பட்ஜுக்கு என் பையில் ஒரே மாரியில் ஏன் இப்படி? இதைத்தான் நான் அதிகம் யோசித்தேன். பேணிக்குள் பருத்தித் துணி இருந்தது, பிளாஸ்ரிக் இல்லை. என் பையில், தட்டை நான் வெளியே எடுக்கும்வரை, யன்னல், தட்டு, பின் மூன்றும் ஒன்றை ஒன்று ஒட்டிக்கொண்டு மூடிக் கிடந்தன. துணி போர்த்திய தட்டு ஈரத்தைக் குடித்து வைத்திருக்கும், பிவிசி அந்த ஈரத்தை வெளியே விடாது, நடுவில் உலோகம். பிவிசி வெய்யிலிலும் சூட்டிலும் நாள்பட்டுச் சிதையத் தொடங்கினால் அதில் இருந்து ஐதரசன் குளோரைட் என்ற அமில வாயுவும் சிறிது சிறிதாக வெளியேறும், அது உலோகத்துக்கு நேரடி எதிரி. பின்னின் பின்பக்கத்தில் மாட்டும் றப்பர் மூடிகளிலும் சில மென்மையான பிவிசிதான். பட்ஜ் கீறுப்படாமல் இருக்கட்டும் என்று அதற்கு மேலே வேறு ஒரு பிளாஸ்ரிக் உறை போடுகிறோம், எங்கள் ஊர் மாரியில் அந்த உறைக்குள் வியர்வை கட்டுகிறது. குளிர்நாட்டில் இருப்பவர்கள் சொல்லித்தரும் பராமரிப்பு எல்லாம் தூசியைப் பற்றியும் கீறலைப் பற்றியும்தான். எங்களுக்கு முதல் வேலை, இவற்றை நீண்ட நாள் ஒன்றாகப் பூட்டி வைக்காமல் இருப்பது. பையை ஒரு கிழமைக்குமேல் தூக்கப்போவதில்லை என்றால் நான் தட்டை வெளியே எடுத்துவிடுகிறேன். மாதக்கணக்கில் என்றால் பின்களையும் கழற்றிவிடுகிறேன்.

கழுவுவது பற்றி. முதலில் ஒரு சொல்: பையைத் தண்ணீரில் அமிழ்த்தக் கூடாது. யன்னலைச் சுற்றி இருக்கும் தையலுக்குள் தண்ணீர் புகுந்தால் நாள்கணக்கில் காயாது, அங்கேயே கறுப்பாகப் பூஞ்சணம் பிடிக்கும். துடைக்கத்தான் வேணும், அதற்கும் தொடக்கத்தில் தண்ணீர் இல்லை. நான் உரும்பிராய்ப் பக்கம் ஸ்கூட்டியில் அடிக்கடி போய்வருகிறவள். சோளகக் காற்று வீசும் மாதங்களில் தோட்டச் செம்மண் எழும்பிப் பையில் ஒரு செந்நிறத் தோலாகப் படிந்துவிடும். ஈரத்துணியை எடுத்த எடுப்பில் வைத்தால் அந்த மண்ணையே உப்புத்தாளாக்கி யன்னலில் தேய்த்ததாகிவிடும். நல்லூர் வீதி மணலுக்கும் இதே கதைதான். அதனால் முகத்துக்குப் பவுடர் பூசும் பெரிய மென்தூரிகை ஒன்று இதற்கென்றே வைத்திருக்கிறேன். மேலிருந்து கீழே, அழுத்தாமல், தையல் ஓரங்களையும் தட்டிவிட வேணும். கோயிலால் வரும்போது விபூதி கொட்டினாலும் ஊதித் தட்டுங்கள், தேய்க்காதீர்கள், அது சாம்பல். அம்மம்மா விளக்குத் தேய்ப்பதும் சாம்பலால்தானே.

பிறகு தண்ணீர். எந்தத் தண்ணீர் என்பது எங்கள் ஊரில் பெரிய விஷயம். குடாநாட்டில் வருடம் முழுக்க ஓடும் ஆறு கிடையாது, சுண்ணாம்புக் கல்லுக்குள் தேங்கும் மழைநீர்தான் எங்கள் கிணறுகளில் ஊறுகிறது. கல்லைக் கரைத்துக்கொண்டு வருவதால் அந்தத் தண்ணீர் கடினம், கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அதுதான். கிணற்றுத் தண்ணீரால் யன்னலைத் துடைத்துக் காயவிட்டால் துளித்துளியாக வெள்ளைப் பொட்டு நிற்கும், கரையோரப் பக்கம் என்றால் உப்பும் சேர்ந்துகொள்ளும். முதல்முறை அதைக் கண்டு நான் அழுக்கு என்று நினைத்து இன்னும் கொஞ்சம் கிணற்றுத் தண்ணீர் ஊற்றித் துடைத்தேன். இப்போது குடிக்க வாங்கும் வடிகட்டிய தண்ணீரில் அரைத் தம்ளர் எடுக்கிறேன். மாரி என்றால் முற்றத்தில் சட்டி வைத்து நேரே வானத்தால் விழும் மழைத்தண்ணீர். ஓட்டால் வடிவதை எடுக்கவேண்டாம், அதில் பாசியும் தூசியும் இருக்கும்.

அந்த அரைத் தம்ளரில் கோப்பை கழுவும் திரவம் ஒரே துளி. உடுப்புத் தோய்க்கும் சவர்க்காரக் கட்டி வேண்டாம், காரம் கூட. துணிக்கு அம்மம்மாவின் பழைய பருத்திச் சேலையில் கிழித்த துண்டுகள், நூறு முறை தோய்த்து நைந்த பருத்திக்கு ஈடாக எந்தக் கடைத்துணியையும் நான் காணவில்லை. நனைத்து, நன்றாகப் பிழிந்து, யன்னலின் வெளிப்பக்கம் ஒருமுறை, உள்பக்கம் ஒருமுறை. சவர்க்காரம் இல்லாத ஈரத்துணியால் இன்னொருமுறை. காய்ந்த துணியால் உடனே ஒற்றி எடுக்க வேணும், தானாகக் காயட்டும் என்று விடக்கூடாது. பிறகு சிப்பை முழுக்கத் திறந்து, உள்ளே வெள்ளைத் துவாய் ஒன்றைச் சுருட்டி வைத்து, விறாந்தையில் கதிரை மேல், நிழலில், ஒரு இரவும் ஒரு பகலும். கொடியில் போட்டு வெய்யிலில் காயவைத்தால் யன்னல் மஞ்சளாகும். ஸ்கூட்டி சீற்றுக்குக் கீழே இருக்கும் பெட்டிக்குள் ஒருநாளும் வைக்காதீர்கள், மத்தியான வெய்யிலில் அது அடுப்பு.

பையின் வெளித்தோல் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. தோல் மாதிரித் தெரிவது பொலியூரித்தேன் என்ற பிளாஸ்ரிக்கின் பூச்சு, காற்றின் ஈரம் அதை மெல்ல மெல்ல அறுத்துக்கொண்டே இருக்கும், சில வருடங்களில் உரியத் தொடங்கும். உரிந்த பிறகு மருந்து இல்லை. தேங்காயெண்ணெய் பூசினால் மினுங்கும், ஆனால் தூசியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அலுமாரிக்குள் போடும் நப்தலின் உருண்டையையும் பைக்குக் கிட்ட வைக்காதீர்கள், அதன் ஆவி பிளாஸ்ரிக்கை இளக்கும். வாங்க முடிந்தால் கன்வஸ் துணியில் செய்த பை வாங்குங்கள், எங்கள் காலநிலைக்கு அதுதான் சரி.

யன்னலில் மடிப்பு விழுந்தால் அது தீரக்கூடிய துன்பம். மச்சாளின் சூட்கேசுக்குள் நசுங்கி வந்த என் பையில் குறுக்கே ஒரு மடிப்பு இருந்தது. சுடுதண்ணீரில் நனைத்துப் பிழிந்த துவாயை யன்னல் மேல் ஐந்து நிமிடம் போட்டு, பிளாஸ்ரிக் இளகியதும் துவாயை எடுத்துவிட்டு, வெள்ளைத் துணி சுற்றிய ஒரு தடித்த புத்தகத்தை ஏற்றி வைத்தேன், மூன்று முறையில் முக்கால்வாசி போய்விட்டது. கீறலுக்கு அப்படி ஒரு வழி இல்லை. என் யன்னலில் அரைச்சந்திரன் மாதிரி ஒரு கீறல் இருக்கிறது, அது ஒரு பூனைப் பின்னின் காது போட்டது. பின் கனமாக இருந்ததால் முன்னுக்குச் சரிந்து, ஒழுங்கை மேடுபள்ளத்தில் ஸ்கூட்டி துள்ளத் துள்ள, ஒரே இடத்தில் அறுத்திருக்கிறது. இப்போது கனமான பின்களைத் தட்டின் கீழ்ப்பக்கத்தில் குத்துகிறேன், ஒற்றை ஊசி உள்ளவற்றுக்குப் பின்னால் இறுக்கமான மூடியும் அதற்கு முன் சிறு வட்டமாக வெட்டிய கம்பளித் துணியும் வைக்கிறேன். சரிவதில்லை.

மாரிக்கு எடுத்து வைக்கும்போது, யன்னலின் இரு பக்கமும் அச்சில்லாத வெள்ளைத் துணி. பேப்பர், விளம்பரத் தாள், நிறம்போட்ட பொலித்தீன் பை ஒன்றும் கிட்ட வரக்கூடாது. பை நிமிர்ந்து நிற்க வேணும், மேலே பாரம் கூடாது. பின்கள் தனியாக, ஒவ்வொன்றும் பருத்தித் துணியில், மூடியுள்ள ஒரு பேணியில், கூடவே சிலிக்கா ஜெல். சப்பாத்துப் பெட்டிகளுக்குள் வரும் பழைய பக்கற்றுகள் அநேகமாக முதலே ஈரம் குடித்து முடித்தவை, அவற்றை நம்பவேண்டாம். ஈரம் ஏறினால் நிறம் மாறுகிற மணிகளாகப் பார்த்து வாங்கினால் எப்போது மாற்றுவது என்று கண்ணாலேயே தெரியும்.

மச்சாள் போன கிழமை கேட்டா, அங்கே பனிக்குள் பையைக் கொண்டுபோகலாமா என்று. குளிரில் பிவிசி விறைக்கும், வெளியில் நிற்கும்போது யன்னலை வளைக்காதேங்கோ, வீட்டுக்குள் வந்து சூடேறும் வரைக்கும் பொறுங்கோ என்று எழுதினேன். அவவுக்குக் குளிர், எனக்கு ஈரம்.

இப்போது புரட்டாதி முடியப்போகிறது. ஐப்பசி பிறந்தால் மழை எந்த நேரமும் இறங்கும், அதனால் நேற்றுப் பின்களைக் கழற்றினேன். அம்மம்மா பக்கத்தில் இருந்து ஒவ்வொன்றாக எண்ணித் துணித்துண்டில் சுற்றித் தந்தா, 31. அம்மாவின் பட்ஜ் அந்தப் பழைய பவுடர்ப் பேணிக்கே திரும்பிப் போய்விட்டது. தட்டின் நடுவில் அது இருந்த இடத்தில் இரண்டு ஊசித்துளைகளும், மங்கிப்போன பச்சைப் புள்ளியும் தெரிகின்றன. தைப்பொங்கலன்று வல்வெட்டித்துறையில் பட்டம் ஏற்றுவதைப் பார்க்க அம்மாவும் வருவதாகச் சொல்லியிருக்கிறா, முதல்நாள் இரவு அதே துளைகளில் திரும்பக் குத்த வேணும். கடற்கரையால் வந்த உடனே உப்பைத் துடைக்க, அரைத் தம்ளர் நல்ல தண்ணீரும் எடுத்து வைக்க வேணும்.